இயலாமையும் இல்லை, மறுப்பும் இல்லை

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடக்க இடமிருக்காது. முகூர்த்தச் சேலை எடுக்க வந்த குடும்பம், தாலிக்கொடிக்கு எடை பார்க்கிற குடும்பம், அழைப்பிதழ் மாதிரிகளைக் கடை மேசையில் பரப்பிவைத்து எதைத் தேர்வது என்று முட்டிக்கொள்கிற குடும்பம் என லிட்டல் இந்தியா முழுக்கக் கல்யாணக் களைதான். அந்தக் கூட்டத்தில், 'இவர்மேல் எனக்கு ஈர்ப்பு வரவில்லை, இதுவரை யார்மேலும் வந்ததில்லை' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு சேலையைத் தடவிப் பார்க்கிற மணப்பெண் ஒருத்தி இருக்கக்கூடும். மாப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பாலியல் வாழ்க்கை ஆய்வு ஒன்று நடந்தது. ஈர்ப்பு பற்றிய கேள்விக்குக் கொடுக்கப்பட்டிருந்த விடைகளில் ஒன்று, யார்மீதும் தமக்குப் பாலியல் ஈர்ப்பு ஏற்பட்டதே இல்லை என்பது. கனடாவின் புரோக் பல்கலைக்கழக உளவியலாளர் ஆந்தனி போகார்ட் அந்தத் தரவுகளை மறுபடி எடுத்து ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார். 195 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர், அந்த விடையைத் தேர்ந்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து நடந்த அடுத்த ஆய்வில் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மலேசிய இந்தியர் சுமார் 20 லட்சம் பேர். பிரிட்டன் கணக்கை அப்படியே கொண்டுவந்து நம்மீது ஒட்ட முடியாதுதான். ஆனாலும் அரை விழுக்காடு என்று வைத்து, பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

இவர்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் ஏசெக்சுவல். சுருக்கமாக ஏஸ். பெயர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயருக்குள் யார் யார் அடங்குவார்கள் என்ற விவாதம் ஓயவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சொற்சண்டையாகத் தெரியலாம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஒரு வரியில் அடங்காத வரையறை

2001இல் டேவிட் ஜே என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஏசெக்சுவல் மனிதர்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பாலியல் ஈர்ப்பை உணராதவரே ஏசெக்சுவல் என்று அது சொன்ன வரையறைதான் இன்றும் அதிகம் புழங்குகிறது. இவர்களை அதற்கு முன்பே கவனித்தவர்கள் உண்டு. 1948இல் ஆண்களின் பாலியல் நடத்தை பற்றி எழுதிய ஆல்ஃபிரட் கின்சி, எதிர்பால் நாட்டம் முதல் தன்பால் நாட்டம் வரை 0 முதல் 6 என்று ஓர் அளவுகோல் வைத்தார். அதில் எங்கும் பொருந்தாதவர்களை 'எக்ஸ்' என்று தனியே குறித்தார். அந்த எக்ஸ் யார், எப்படி வாழ்கிறார் என்று வெகுகாலம் எவரும் விரிவாகக் கேட்கவில்லை.

வரையறை ஒரே வரிதான். ஆனால் 'ஈர்ப்பு' என்ற இடத்திலேயே தகராறு தொடங்கிவிடுகிறது. உடலில் கிளர்ச்சி எழுவது வேறு, அது இன்னாரை நோக்கி எழுவது வேறு, உறவில் ஈடுபடுவது வேறு. ஒருவருக்குக் கிளர்ச்சி உண்டு. ஆனால் எந்த மனிதர்மீதும் அது திரும்புவதில்லை. இன்னொருவர் கணவரின் மகிழ்ச்சிக்காக உறவுக்குச் சம்மதிக்கிறார். அவருக்கு அதில் வெறுப்பும் இல்லை, நாட்டமும் இல்லை. மூன்றாமவருக்கு அந்த நினைப்பே குமட்டுகிறது. மூவரும் ஏசெக்சுவலாக இருக்கலாம் என்கிறது இந்த வரையறை. பிள்ளை பெற்றவரும் ஏசெக்சுவலாக இருக்கலாம் என்று சொன்னால் நம்மில் பலர் நம்புவதில்லை. போகார்ட் கணக்கிட்ட அந்த 195 பேரிலேயே மணமானவர்கள் இருந்தார்கள்.

ஒருபோதும் உணராதவர் மட்டுமா, அத்திபூத்தாற்போல் உணர்பவரும் சேர்த்தியா என்பது அடுத்த தகராறு. அரிதாக உணர்பவருக்குக் 'கிரே' என்றும், ஒருவரோடு மனம் ஒட்டிய பிறகே ஈர்ப்பு எழுபவருக்கு 'டெமி' என்றும் 2006 வாக்கில் பெயர்கள் வந்தன. காதல் உணர்வே எழாதவர் 'ஏரோ'. ஏஸ்களில் காதலிப்பவர்களும் இருப்பதால் இந்தப் பிரிவு தேவைப்பட்டது. பிறகு இன்னும் நுணுக்கமான பெயர்கள்: கற்பனையில் ஆசை உண்டு, தானே அதில் பங்கேற்க விருப்பமில்லை என்பவருக்கு ஒன்று, ஈர்ப்பு இல்லை, ஆனால் உறவு வேண்டும் என்பவருக்கு ஒன்று, பழகப் பழக ஈர்ப்பு வடிந்துவிடுபவருக்கு ஒன்று. இவ்வளவு பெயர்கள் தேவைதானா என்ற கேள்வி ஏஸ்களிடையிலேயே எழுந்துவிட்டது. எல்லாரையும் உள்ளே விட்டால் பெயருக்கு அர்த்தமில்லாமல் போகும் என்கிறது ஒரு தரப்பு. எல்லையை இறுக்கினால், தயங்கித் தயங்கி வந்தவரைச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புவதாக ஆகும் என்கிறது இன்னொரு தரப்பு.

எனக்கு இரண்டாம் தரப்போடு நிற்கத்தான் மனம் வருகிறது. இந்தப் பெயர்கள் யாரும் யாருக்கும் வழங்கும் மைகார்டு அல்ல. இன்று தன்னை டெமி என்றவர் ஐந்தாண்டு கழித்து வேறாக உணர்ந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த ஐந்தாண்டும் அவர் தன்னைப் புரிந்துகொள்ள அது உதவியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெயரை அவரவரே சூட்டிக்கொள்ள வேண்டும். மனைவிக்குக் கணவரோ, மகனுக்கு அம்மாவோ, நோயாளிக்கு மருத்துவரோ சூட்டக்கூடாது. பயமும் அடியும் மிரட்டலும் நிறைந்த வீட்டில் மனைவிக்கு ஆசை வரவில்லை என்றால் அவளை ஏஸ் என்று சொல்லிக் கணவர் தப்பித்துவிட முடியாது.

'நம்ம பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான்'

டெமி என்றால் என்னவென்று விளக்கினால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான்: "இதுக்கெல்லாம் எதுக்குப் பேரு? நம்ம பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான்." பழகிய பிறகே ஆசை வரும், தாலி ஏறிய பிறகே மனம் போகும் என்பதுதானே நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு நாம் எழுதிவைத்த இலக்கணம்!

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. டெமி என்ற பெயர் பிறந்தது, பார்த்த மாத்திரத்தில் ஈர்ப்பு வருவதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிற ஊரில். அங்கே பொறுத்துப் பழகி நெருங்குபவர் தனித்துத் தெரிவார். நம்மிடையே அந்தப் பொறுமையே விதி. ஆகவே அந்தப் பெயரை இங்கே கொண்டுவரும்போது அதன் எல்லை மங்கிப்போவது உண்மைதான். ஆனால் பெரியவர்கள் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அவர்கள் பேசுவது நடத்தையைப் பற்றி. ஆசையை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் பெண்ணும், அடக்குவதற்கு எதுவுமே எழாத பெண்ணும் வெளியே ஒரே மாதிரி இருப்பார்கள். உள்ளே இருவரும் வேறு.

இந்த ஒற்றுமைதான் நம் ஏஸ் பெண்களை மறைத்துவிடுகிறது. பதினாறு வயதில் எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்க்காத பெண்ணைத் தாமான் முழுக்க மெச்சும். கல்லூரியில் அவளுக்குக் க்ரஷ் என்று ஒருவரும் இல்லை என்றால் அம்மாவுக்கு நிம்மதி. இருபத்தாறு, இருபத்தேழு ஆகும்போது அவளே வாய்திறந்து, "எனக்கு அப்படி எதுவும் தோணலம்மா" என்கிறாள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வருகிறது. முப்பதைத் தொட்டதும் ஜாதகத்தை மறுபடி விரிக்கிறார்கள், பரிகாரம் சொல்கிறார்கள். பெரியம்மா தனியே அழைத்துப்போய், "யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியாம்மா? இல்ல, பொம்பளப் பிள்ளைங்க மேல…" என்று பாதியில் நிறுத்துகிறார். இத்தனை ஆண்டு அடக்கம் என்று கொண்டாடிய அதே குணம் இப்போது வியாதியாக, தோஷமாக, மறைத்துவைத்த இரகசியமாகத் தெரிகிறது. அந்தப் பெண் மாறவே இல்லை.

பையன்களின் நிலை இன்னும் கொடியது. அவர்களுக்கு அடக்கம் என்ற மறைப்புகூடக் கிடையாது. மாமாக் கடையில் நண்பர்கள் பேசும் பேச்சுக்குச் சேர்ந்து சிரிக்கவேண்டும். சிரிக்காவிட்டால் பெயர் வைத்துவிடுவார்கள். வீட்டில் சொன்னால், ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்பவர்களின் வாசலுக்கு அப்பாவோ மாமாவோ அழைத்துப்போவார். அங்கே தருகிற லேகியம் எதுவும் இல்லாத ஈர்ப்பை உண்டாக்கப்போவதில்லை. அந்த இளைஞனுக்கு உடலில் குறை இல்லை என்பதை அங்கே யாரும் கேட்டறியப் போவதும் இல்லை.

துறவிக்கு இடமுண்டு

"அப்போ சாமியாரா போகப் போறியா?" இதுவும் வழக்கமாக விழும் கேள்வி. மணமின்றி வாழ்பவர்களை நம் மரபு அறியாததல்ல. திருமணம் நடந்தும் இல்லறத்தில் நாட்டம் கொள்ளாத வள்ளலாரை அறிவோம். மணம் வேண்டாம் என்று விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்ற ஔவையின் கதை நமக்குக் குழந்தைப் பருவத்துக் கதை. பிரிக்பீல்ட்ஸில் 1904இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தைக் கடந்து போகிறவர்களுக்கும், வெள்ளைச் சேலையில் வரும் பிரம்மா குமாரிகளைப் பார்த்திருப்பவர்களுக்கும் பிரம்மச்சரியம் புதிதல்ல.

ஆனால் துறவு என்பது இருப்பதை விடுவது. ஏஸ் ஒருவருக்கு விடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஔவையையோ வள்ளலாரையோ இன்றைய பெயரால் அழைக்க எனக்கு உரிமையில்லை. அவர்கள் உள்ளம் அவர்களோடு போயிற்று. நான் கவனிப்பது வேறொன்று. மணம் வேண்டாதவருக்கு நம் மரபு தந்த ஒரே கண்ணியமான இடம் ஆன்மிகம். அந்த இடத்துக்கு விலையாக அவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். ஷா ஆலாமில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் படம் பார்த்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, மனத்துக்கு நெருங்கிய ஒருவரோடு வீடெடுத்துக் கடைசிவரை சேர்ந்திருக்க விரும்புகிற ஒரு பெண் எந்த ஆசிரமத்துக்குப் போவாள்? அவளுக்கு அன்பு வேண்டும், துணை வேண்டும், தீபாவளிக்கு முறுக்கு சுட ஒரு வீடு வேண்டும்.

இந்தியாவில் மருத்துவர் பிரகதி சிங் 2014இல் 'இந்தியன் ஏசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர் எதிர்கொண்டதும் இந்தத் தேவையைத்தான். உடலுறவை எதிர்பார்க்காத துணையைத் தேடுகிறவர்களுக்காகச் சந்திப்புகளை நடத்தினார். 2019இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

யாருடைய வேதனை?

மருத்துவம் வெகுகாலம் இதை நோய் என்றே எழுதிவைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் பாலியல் விருப்பக் குறைவைக் கோளாறாகச் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், ஒருவர் தம்மை ஏசெக்சுவல் என்று உணர்ந்தால் அவருக்கு அந்த நோய்ப் பெயரைச் சூட்டக்கூடாது என்ற வரி சேர்ந்தது. தமக்கே அது வேதனை தந்தால் மட்டுமே கோளாறு.

நல்ல வரிதான். நம் வீடுகளில் மட்டும் அது சிக்கிக்கொள்கிறது. முப்பது வயதுப் பெண் மருத்துவர் முன் அழுதால், அந்த வேதனை ஈர்ப்பு இல்லாததால் வந்ததா, அதை வைத்து மூன்றாண்டாக வீட்டில் நடக்கும் சண்டையால் வந்ததா? இதைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். அதற்காக மருத்துவரிடமே போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு இருந்த நாட்டம் திடீரென்று மறைந்தால் தைராய்டு, மனச்சோர்வு, அதற்குத் தரும் சில மாத்திரைகள் என்று பல காரணங்கள் இருக்கலாம். உறவின்போது வலி என்றால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இவற்றைப் பார்க்காமல் ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு வலியோடு வாழ்வது அநியாயம். பெயரின் எல்லை பற்றிய விவாதம் உயிருள்ள விவாதமாக இருப்பது இங்கேதான்.

சட்டம் அறிந்த இரண்டு பெயர்கள்

விவாதம் மிகக் கூர்மையாக வெட்டுவது நீதிமன்றத்தில். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை ஆள்வது 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 70ஆம் பிரிவு, எந்தக் காரணங்களால் ஒரு திருமணத்தைச் செல்லாததாக்கும்படி கேட்கலாம் என்று பட்டியலிடுகிறது. முதல் காரணம், இருவரில் ஒருவரின் இயலாமையால் உடலுறவு நிகழாமல் போனது. இரண்டாவது, எதிர்மனுதாரர் வேண்டுமென்றே மறுத்ததால் நிகழாமல் போனது.

இயலாதவர், மறுப்பவர். சட்டத்துக்குத் தெரிந்தது இந்த இரண்டு பேரைத்தான். ஏஸ் ஒருவர் எந்தப் பக்கம் போவார்? அவர் உடலில் இயலாமை இல்லை. மறுப்பவர் என்று குறித்தால், மனத்தில் வன்மம் வைத்துத் துணையை வதைத்தவரின் வரிசையில் அவர் நிற்கிறார். இயலாமை என்றால் இருவரில் எவரும் மனுப்போடலாம். மறுப்பு என்றால் மறுக்கப்பட்டவர் மட்டுமே போடமுடியும். ஆக, குடும்பத்தின் வற்புறுத்தலால் கழுத்தை நீட்டிய ஏஸ் பெண்ணுக்கு அந்தக் கதவு அவள் பக்கத்திலிருந்து திறப்பதில்லை.

இங்கிலாந்தில் 1971இல் தீர்ப்பான சிங் எதிர் சிங் என்ற வழக்கை இங்கே சொல்லவேண்டும். நம் சட்டம் அந்த ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்தது. பதினேழு வயதுச் சீக்கியப் பெண். பெற்றோர் பேசி முடித்த மாப்பிள்ளையைப் பதிவு அலுவலகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார். பதிவு நடந்தது. பிறகு சமயச் சடங்குக்கும் அவரோடு வாழ்வதற்கும் மறுத்துவிட்டு, திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வெறுப்பை இயலாமை என்று கொள்ளவேண்டுமானால், அது எவ்வளவு முயன்றும் வெல்லமுடியாத வெறுப்பாக இருக்கவேண்டும் என்பது நீதிமன்றத்தின் அளவுகோல். அந்தப் பெண் ஏஸ் என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பது அந்த அளவுகோலை. ஏஸ்கள் பலருக்கு வெறுப்புகூடக் கிடையாது. வெறும் இன்மையை எந்த அளவுகோலால் நிறுவுவது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரே ஒருமுறை உறவு நிகழ்ந்துவிட்டாலும் இந்த இரண்டு காரணங்களும் கைவிட்டுப் போகும். முதலிரவில், வெளியே உறவினர் கூட்டம், உள்ளே என்ன சொல்வதென்று தெரியாத திகைப்பு. ஒருமுறை இணங்கிவிடுகிறார்கள். பிறகு பொதுவாக ஈராண்டு காத்திருந்து மணவிலக்குதான் கேட்கவேண்டும். அந்த ஈராண்டில் மனைவி 'வேண்டாம்' என்று சொன்னாலும் சட்டத்தின் துணை குறைவு. தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, கணவன் மனைவியோடு கொள்ளும் உறவைப் பாலியல் வல்லுறவு என்பதிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. பின்னர் சேர்க்கப்பட்ட 375ஏ பிரிவு, உறவுக்காக மனைவிக்குக் காயமோ காயம் பற்றிய அச்சமோ விளைவித்தால்தான் கணவனைத் தண்டிக்கும். மறுபுறம், இந்தியாவில் தக்க காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சமர் கோஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுக்கப்பட்ட துணைக்கும் நியாயம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று உணரும் கணவனோ மனைவியோ படும் துயரம் பொய்யல்ல. இருவரையும் அந்த அறைக்குள் தள்ளியது யார் என்பதே என் கேள்வி.

சொல்ல அஞ்சும் ஊர்

ஏசெக்சுவலாக இருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் மலேசியாவில் எதுவும் இல்லை. 377ஏ, 377பி பிரிவுகள் செயல்களைத்தான் தண்டிக்கின்றன. ஆனாலும் இந்தப் பெயர் பாலினச் சிறுபான்மையினர் என்ற பெரிய குடையின் கீழ் வருகிறது. அந்தக் குடைக்கு இங்கே நேர்ந்தது தெரிந்ததே. 2008 முதல் கோலாலம்பூரில் நடந்த 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழாவை 2011இல் காவல்துறை தடைசெய்தது. 2023 மே மாதம் வானவில் நிறம் கொண்ட 172 ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களை அதிகாரிகள் கடைகளிலிருந்து எடுத்துப்போனார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தரச் சொன்னது. ஏஸ்கள் இந்தக் குடையின் கீழ் சேர்த்தியா இல்லையா என்று மற்ற நாடுகளில் கொள்கை விவாதமாக நடப்பது, இங்கே பாதுகாப்பு பற்றிய கணக்காகிவிடுகிறது. ஒதுங்கி நிற்கிற ஏஸை நான் கோழை என்று சொல்லமாட்டேன். சேர்ந்து நிற்பவரை வேண்டாத வம்பு என்றும் சொல்லமாட்டேன்.

தமிழ்நாட்டில் நிலை வேறு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. மலேசியத் தமிழ் ஏடுகளும் வானொலியும் இப்படியொரு முயற்சியைத் தாமாகவே தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. முஸ்லிம் இணைகள் திருமணத்துக்குமுன் பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும். இந்து இணைகளுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. மண்டபம், சமையல், புகைப்படக்காரர் என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிற நாம், மணமக்கள் இருவரையும் பெரியவர்கள் இல்லாத ஓர் அறையில் அரைமணி நேரம் உட்காரவைக்கலாம். கோயில் நிர்வாகமோ சமூக அமைப்போ பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அங்கே அமர்த்தலாம். அவர் கேட்கவேண்டியவை எளிய கேள்விகள்: உங்களுக்கு இதில் நாட்டம் உண்டா? அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசியிருக்கிறீர்களா? பிள்ளை வேண்டுமா? வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் என்ன செய்வார்? 'தெரியவில்லை' என்ற பதிலையும் அவர் குறித்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் அவகாசம் தரவேண்டும். இது நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நடக்கவேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஆயிரம் அழைப்பிதழ் அச்சடித்துவிட்டுக் கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.